ஆறி வரும் புண்ணை வீட்டு நாய் நக்கிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன கிளினிக்கின் கட்டுப் போடும் அறைதான் 19 வருடமாக என் இடம். காசிமேட்டில் மீன் வெட்டும் அக்காக்கள், எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி இடித்து வந்த பையன்கள், சர்க்கரைப் புண்ணோடு வரும் தாத்தாக்கள் என்று தினமும் ஒரு வரிசை நிற்கும். பழைய கட்டைப் பிரிக்கும்போது பேச்சுவாக்கில்தான் அது வெளியே வரும்: "நேத்து நைட்டு எங்க நாய் நக்கிடுச்சு சிஸ்டர். ஒண்ணும் ஆவாது இல்ல?" அந்தக் கேள்வியும் அதை ஒட்டி வருகிற மற்ற கேள்விகளும்தான் கீழே இருப்பவை. என் வீட்டிலும் 8 வயதில் ஒரு நாய் இருக்கிறது, மணி. நாயைப் பிடிக்காத ஆள் எழுதியது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

இப்போதுதான் நக்கியது. முதலில் என்ன செய்வது?

கழுவுங்கள். மற்ற எல்லாம் அப்புறம்.

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றிவிடும், அப்போது நிறுத்தாதீர்கள். குளிக்கிற சோப்பு, துணி சோப்பு, எது கையில் கிடைத்தாலும் சரி. குழாயில் தண்ணீர் வராத நேரமா? குடத்தில் பிடித்து வைத்ததை ஒருவர் சொம்பால் மொண்டு ஊற்ற, இன்னொருவர் நுரைத்துக் கழுவலாம். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு என்ன செய்கிறதோ அதையேதான் அந்த உறையிலும் செய்கிறது. அதனால்தான் வெறும் தண்ணீரை விட சோப்பு முக்கியம்.

தையல் போட்ட புண் என்றால் தேய்க்க வேண்டாம். நுரையை மேலே விட்டுத் தண்ணீரை மெதுவாக ஓட விடுங்கள். கழுவி முடித்ததும் பெட்டாடின் போடலாம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள், மிளகாய்த் தூள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். காப்பித் தூள் அப்பிய புண்ணைச் சுத்தம் செய்ய எனக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் வலி உங்களுக்குத்தான்.

நக்கி நாலைந்து மணி நேரம் ஆகிவிட்டது, நேற்றே நக்கிவிட்டது என்றாலும் இதே பதில்தான். கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

நக்கியதுதானே, கடிக்கவில்லையே. இதற்குமா ஊசி?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

நாயால் ஏற்படும் தொடர்பை உலக சுகாதார நிறுவனம் மூன்று வகையாகப் பிரிக்கிறது. நம் நாட்டு வழிகாட்டுதலும் அதையே பின்பற்றுகிறது. முதல் வகை: நாயைத் தொட்டது, சோறு வைத்தது, காயமே இல்லாத தோலை அது நக்கியது. இதற்கு ஊசி வேண்டாம், கழுவினால் போதும். இரண்டாவது: ரத்தம் வராத சின்னக் கீறல், பல் பட்டும் படாமலும் கவ்வியது. இதற்குத் தடுப்பூசி உண்டு. மூன்றாவது: தோலைத் துளைத்த கடி. அந்த மூன்றாவது வகையிலேயே இன்னொன்றும் இருக்கிறது. தோல் உடைந்த இடத்தையோ, கண், வாய், மூக்கின் ஈரமான உள்பகுதியையோ நாய் நக்குவது. அதாவது திறந்த புண்ணில் படும் நாக்கும் ரத்தம் வரக் கடித்த பல்லும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

காரணம் எளிது. ரேபிஸ் கிருமி இருப்பது எச்சிலில். கடிக்கும்போது பல் தோலைக் கிழித்து எச்சிலுக்கு வழி செய்கிறது. உங்களுக்கு அந்த வழி ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. பல்லுக்கு வேலையே இல்லை.

காசிமேட்டில் மீன் வெட்டும் ஒரு அக்கா. கெளுத்தி முள் குத்தி வலது கட்டை விரலில் ஆழமான காயம், ஆறிக்கொண்டு வந்தது. வேலை முடித்துத் திண்ணையில் படுத்தவருக்குக் கை தொங்கியபடி தூக்கம். கண் விழித்தால் பிளாஸ்திரி தரையில் கிடக்கிறது, வீட்டு நாய் விரலை நக்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஓரிடத்தில் போய்க் கேட்டிருக்கிறார். "நக்கினதுக்கெல்லாம் ஊசி கிடையாதும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் கழித்துக் கட்டு மாற்ற வந்தபோது என்னிடம் சொன்னார். விரலைப் பார்த்தேன். பொருக்கு முழுவதும் ஊறிப் பெயர்ந்து, அடியில் சிவப்புச் சதை பளபளவென்று ஈரமாகத் தெரிந்தது. அப்போதே ஆட்டோ பிடித்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அவருக்கு எதுவும் ஆகவில்லை, நாயும் நன்றாக இருந்தது. ஆனாலும் அந்த மூன்று நாளை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்ற முடிவது அபூர்வத்திலும் அபூர்வம்.

எங்கள் நாய்க்கு ஊசி எல்லாம் போட்டாச்சே?

நல்லது. அந்த நாய்க்கு ரேபிஸ் வர வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் "போட்டாச்சு" என்றால் என்ன என்று நான் கேட்பேன். குட்டியாக இருந்தபோது ஒன்று போட்டோம், அதற்கப்புறம் நேரம் கிடைக்கவில்லை என்பது போட்டதாகக் கணக்கில்லை. மூன்று மாத வயதில் முதல் ஊசி, கால்நடை மருத்துவர் சொன்ன தேதியில் அடுத்தது, பிறகு வருடா வருடம். ஊசி அட்டையில் தேதியும் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரும் மருத்துவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

அந்த அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ஊசியைத் தள்ளிப் போடலாமா, உடனே தொடங்கலாமா என்பதை அதைப் பார்த்து அவர் சொல்லட்டும். வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். நம் பக்கத்தில் வீட்டு நாய் என்பது பாதி நேரம் தெருவில் சுற்றும் நாய்தான். இரவில் யாரோடு சண்டை போட்டு வந்தது என்று நமக்குத் தெரியாது.

தெரு நாய் நக்கியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். நேரே ஊசிக்குப் போங்கள். குட்டி நாய் என்றாலும் அப்படித்தான். குட்டிக்கு ரேபிஸ் வராது என்று பலர் நம்புகிறார்கள், வரும்.

10 நாள் நாயைப் பார்த்துவிட்டு, அப்புறம் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. ஊசி அட்டையைப் பார்த்து டாக்டரே தள்ளிப் போடச் சொன்னால் தவிர, பார்ப்பதும் போடுவதும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். எச்சிலில் கிருமி வந்துவிட்ட நாய்க்குச் சில நாளிலேயே நோய் வெளியே தெரியும், சீக்கிரமே செத்தும் போகும். அதனால்தான் 10 நாள் என்ற கணக்கு. அந்த 10 நாளும் நாய் ஒழுங்காகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, வழக்கம்போல இருந்தால் மீதி ஊசியை என்ன செய்வது என்று டாக்டர் சொல்வார். கட்டிப்போட்டுப் பாருங்கள். அவிழ்த்துவிட்டு ஐந்தாம் நாள் காணாமல் போனால் எதைப் பார்ப்பது?

இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்களாமே?

அது அப்பா, தாத்தா காலத்துக் கதை. பொய்யில்லை, அன்றைக்கு உண்மைதான். 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் போன்ற இடங்களில் ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த மருந்தை வயிற்றில் தினம் ஒன்றாகப் போட்டார்கள். இந்தியாவில் அந்த மருந்தை 2004-ம் ஆண்டு இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். அந்தப் பயத்தில் இன்னும் ஊசிக்கு வராமல் இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இப்போது அரசு மருத்துவமனையில் போடுவது கையில், தோலுக்குள் சின்னதாக. ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில் 0.1 மில்லி. முதல் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு தடவை. தசையில் போடும் முறை என்றால் 14-ம் நாளும் சேர்ந்து ஐந்து தடவை. திறந்த புண்ணை நக்கியிருந்தால் இதோடு இம்யூனோகுளோபுலின் என்ற சீரமும் உண்டு. அதைப் புண்ணைச் சுற்றியே போடுவார்கள். தடுப்பூசி போட்டதும் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காவலுக்கு நிற்பது இந்தச் சீரம். முதல் ஊசி போட்டு ஏழு நாள் கடந்துவிட்டால் சீரம் போடுவதில்லை. அதனால்தான் தாமதிக்காதே என்று கத்துகிறேன்.

ஏற்கெனவே முழுத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு 0, 3 என்று இரண்டு தடவை மட்டும், சீரம் வேண்டாம். பழைய சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது இதற்குத்தான்.

ஸ்டான்லியில் இரவானாலும் அவசரப் பிரிவு திறந்திருக்கும். தடுப்பூசி மட்டும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கும், சீரத்துக்குப் பெரிய மருத்துவமனைக்குப் போவதே நல்லது. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள்.

கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இந்த ஊசியைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் கிடையாது. கத்திரிக்காய், கருவாடு, கறி எல்லாம் சாப்பிடலாம்.

ரேபிஸ் இல்லை என்று தெரிந்துவிட்டது. அப்புறம் பயமில்லைதானே?

இன்னும் இருக்கிறது. எந்த நோயும் இல்லாத, கொழுகொழு வீட்டு நாயின் வாயிலும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும். அதன் வாயில் அவை தொந்தரவு தருவதில்லை. உங்கள் புண்ணுக்குள் போனால் கதை வேறு.

அடிக்கடி தொல்லை தருவது பாஸ்சுரெல்லா. இதன் வேகம்தான் அடையாளம். பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ளேயே புண் சிவந்து, வீங்கி, தொட முடியாமல் வலிக்கும். நேற்றுவரை அழகாக ஆறி வந்த புண் காலையில் விண்விண்ணென்று தெறிக்கிறது என்றால் என் முதல் கேள்வி "நாய், பூனை நக்கியதா?" என்பதுதான். (ரேபிஸ் தடுப்பூசியை 1885-ல் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போட்ட லூயி பாஸ்டரின் பெயர்தான் இந்தக் கிருமிக்கும்.) அடுத்து, சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைகள். சில வகைகள் சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காது. இது நாயிடமிருந்து நமக்கும் வரும், நம்மிடமிருந்து நாய்க்கும் போகும்.

மூன்றாவதாக ஒன்று, கேப்னோசைட்டோஃபேகா. வாய்க்குள் நுழையாத பெயர். வருவது அரிது, வந்தால் மோசம். 1976-ல்தான் மருத்துவ உலகம் இதை முதலில் பதிவு செய்தது. இதில் புண் பார்க்கச் சாதாரணமாகவே இருக்கும். ஆனால் சில நாள் கழித்துக் காய்ச்சல், வாந்தி, உடம்பில் ஊதா நிறப் புள்ளிகள், குழப்பமான பேச்சு என்று ரத்தத்தில் நஞ்சேறிவிடும். விரல்கள் கருத்துப் போவதும் உண்டு. நக்கி இரண்டு வாரத்துக்குள் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் "புண்தான் ஆறிடுச்சே" என்று விட்டுவிடாதீர்கள்.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் யோசித்து வையுங்கள். மண்ணையும் குப்பையையும் முகர்ந்த வாய் அது.

யார் அதிகம் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் சர்க்கரைக்காரர்கள். இவர்களுக்குக் கால் மரத்துப் போயிருக்கும். நாய் நக்கினாலும் தெரியாது, கடித்தாலும் தெரியாது. தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தாத்தா கட்டு மாற்ற வருவார். ஒரு நாள் கட்டின் ஓரம் நார் நாராகப் பிரிந்து, காஸ் துணி மொடமொடவென்று காய்ந்திருந்தது. நான்தான் "யாரு தாத்தா இதைக் கடிச்சது?" என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்துத் திகைத்துப் போனார். ராத்திரி முழுக்க நாய் காலடியில்தான் படுத்திருந்ததாம்.

அப்புறம், மண்ணீரல் எடுத்தவர்கள். விபத்தில் வயிற்றில் அடிபட்டு எடுத்திருப்பார்கள், வருடக்கணக்கில் மறந்தும் போயிருப்பார்கள். கேப்னோசைட்டோஃபேகா குறிவைப்பது இவர்களைத்தான். தினமும் குடிக்கிறவர்கள், கல்லீரல் கெட்டவர்கள், புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரக நோயாளிகள் எல்லோரும் இதில் அடக்கம். மூட்டு மாற்று அறுவை செய்தவர்களுக்குப் புண் வழியே போன கிருமி ரத்தத்தில் பயணித்துச் செயற்கை மூட்டில் போய் உட்கார்ந்துகொள்ளக் கூடும். வீட்டிலேயே வயிற்றுக் குழாய் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், அந்த நேரத்தில் நாய் அறைக்குள்ளேயே வரக் கூடாது.

சிசேரியன் தையலோடு வீட்டுக்கு வந்த பெண்ணும், தொப்புள்கொடி விழாத குழந்தையும் இருக்கிற வீடு என்றால் கொஞ்ச நாள் நாய்க்கு வாசல் பக்கம் இடம் போடுங்கள்.

புண் ஆறிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பொருக்கு கட்டிவிட்டால் ஆறியதாகப் பலர் நினைக்கிறார்கள். பொருக்கு என்பது மூடி மட்டும்தான். நாய் இரண்டு நக்கு நக்கினால் ஊறிப் பெயர்ந்துவிடும். பொருக்கு தானாக உதிர்ந்து, அடியில் புதுத் தோல் முழுசாக மூடி, எங்கேயும் ஈரம் கசியாமல் இருந்தால்தான் ஆறியது. தையல் பிரித்த ஓட்டைகளும் மூடியிருக்க வேண்டும்.

சந்தேகமா? நாங்கள் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பார்ப்போம். எரிந்தால் தோல் திறந்திருக்கிறது. எரியவில்லை என்பதால் மூடிவிட்டது என்று சொல்ல முடியாது, மரத்துப் போன காலில் எதுவும் எரியாது. சந்தேகம் தீராவிட்டால் திறந்த புண்ணாகவே கணக்கில் வையுங்கள்.

நாய் எச்சில் மருந்து என்று ஆயா சொல்கிறாரே?

ஆயா சும்மா சொல்லவில்லை, அந்த நம்பிக்கை பல நாட்டில் இருந்திருக்கிறது. எங்கள் வண்ணாரப்பேட்டையிலேயே புனித ரோக் பெயரில் கோயில் இருக்கிறது. அவருடைய உருவத்தைப் பார்த்தால் தொடையில் கொள்ளை நோய்ப் புண், காலருகே ரொட்டி கவ்விய நாய். காட்டில் தனியாகக் கிடந்தவருக்கு அந்த நாய்தான் ரொட்டி கொண்டுவந்து தந்து, புண்ணையும் நக்கி ஆற்றியது என்பது மரபு. யாரும் கிட்ட வராத நோயாளியைக் கைவிடாத நாய். அந்தப் பாசத்தை நானும் நம்புகிறேன்.

எச்சிலில் சில கிருமிகளைக் கொஞ்சம் அடக்கும் பொருட்கள் இருப்பதும் உண்மை. ஆனால் அதே எச்சிலில்தான் மேலே சொன்ன கிருமிகளும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் யோசியுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஆபரேஷன் முடிந்த நாயின் கழுத்தில் புனல் மாதிரி ஒரு பட்டை மாட்டி அனுப்புகிறார்கள். எதற்கு? அது தன் புண்ணையே நக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்கு. நக்கி நக்கித் தையலே பிரிந்துவிடும், சீழ் வைக்கும்.

சிவந்து வருகிற மாதிரி இருக்கிறது. எப்போது ஓட வேண்டும்?

பால்பாயின்ட் பேனாவை எடுத்து, சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தில் கோடு போடுங்கள். பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் உடனே கிளம்புங்கள். புண்ணிலிருந்து மேல்நோக்கிச் சிவப்பு இழை ஓடுவது, சீழ், நாற்றம், அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டுவது, குளிர்க் காய்ச்சல் என்றால் கோடு போட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். ஆள் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, மூச்சு வாங்கினாலோ 108.

டாக்டரிடம் நாய் நக்கியதை வாய்விட்டுச் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்கிறார்கள். சாதாரணப் புண்ணுக்கு எழுதும் சில ஆன்டிபயாட்டிக் பாஸ்சுரெல்லாவுக்குச் சரியாகக் கேட்காது. கேப்னோசைட்டோஃபேகா லேபில் மெதுவாக வளரும், முன்கூட்டியே சொன்னால்தான் பொறுமையாகத் தேடுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நாலு மாத்திரை வாங்கி விழுங்குவது இதில் ரொம்ப ஆபத்து.

ஒரே அறை வீடு, எல்லோரும் தரையில்தான் படுக்கிறோம். எப்படித் தடுப்பது?

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் இதுதான் உண்மை நிலவரம். தனி அறையில் வை என்று எழுதிவிட்டுப் போவது எளிது.

நாயை இழுப்பது வாசனை. புண்ணில் கசியும் நீரின் உப்பு, களிம்பின் பிசுபிசுப்பு, மீன் வாடை. கையில் மீன் வாடை இருந்தால் முதலில் அதை நன்றாகக் கழுவுங்கள். கட்டு நனைந்தால் உடனே மாற்றுங்கள். காலில் கட்டு என்றால் மேலே ஒரு பழைய சாக்ஸ், கையில் என்றால் முழுக்கை சட்டை. புண் உள்ளவர் கட்டிலிலோ பெஞ்சிலோ படுக்கட்டும், நாயைக் கதவோரம் சாக்கில் படுக்க வைத்துக் கட்டுங்கள். பழைய பஞ்சையும் காஸையும் திறந்த குப்பைக் கூடையில் போடாதீர்கள், நாய் கிளறி எடுக்கும். நக்க வந்தால் அடிக்க வேண்டாம். எழுந்து நகருங்கள், விளையாட எதையாவது கொடுங்கள். போன வருடம் எனக்குக் குதிகாலில் கண்ணாடி குத்தியபோது, இதைப் புரிந்துகொள்ள என் நாய் மணிக்கு நான்கு நாள் ஆனது.

மழையில் தெருத் தண்ணீர் தேங்கும் நாட்களில் நாய்க்கும் உங்களுக்கும் கால் புண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், அது நுழைவதும் புண் வழியாகத்தான்.

பேசாமல் நாயை எங்காவது விட்டுவிடலாமா?

வேண்டாம். விட்டுவிட்ட நாய் தெருவில் ஊசி இல்லாமல் இன்னொரு நாயாகத் திரியும். அதோடு, 10 நாள் பார்க்க வேண்டிய நாயே கையை விட்டுப் போய்விடும். அதற்கு வருடா வருடம் ஊசி போடுங்கள், மாநகராட்சி உரிமம் எடுங்கள். உரிமம் கேட்டுப் போனாலே ரேபிஸ் ஊசிச் சான்று கேட்பார்கள், அந்தச் சாக்கில் ஊசித் தேதியும் தவறாது. மீன் வெட்டும் அந்த அக்காவின் நாய்க்கு இப்போது அட்டை இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார்.